குக்கூ ஹெர்ஷேயின் மகன்

ஒரு மனிதன் மேல் முப்பத்திரண்டு வருஷம் கறுவிக்கொண்டே இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சோம்பேறிகளுக்கு அது வரவே வராது. கல்லுஸ் ஹெர்ஷே சோம்பேறி இல்லை. மலையில் பால் கறந்துகொண்டிருந்தவர், பங்கு மன்றம், மாவட்டம், நீதிமன்றம், ஆளும் எழுவர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் நாட்டுத் தலைவராகவே ஆகிவிட்டார். லாண்டம்மன் என்பது அந்தப் பதவிக்குப் பெயர். பெயரில்தான் அம்மன் இருக்கிறதே தவிர, அருள் பாலிக்கிற பதவி இல்லை அது. நாடு என்றதும் சுவிட்சர்லாந்து முழுவதையும் நினைத்துவிட வேண்டாம். பனிமலைக்குக் கீழே ஏழெட்டுக் கோயில் மணியோசை கேட்கிற அளவுதான். அந்த ஜனங்களுக்கு அதுதான் நாடு. சுவிஸ் தலைநகரம் பெர்னில் உட்கார்ந்திருப்பவர்கள் அசலூர்க்காரர்கள்.

இவ்வளவு தூரம் ஏறியது ஊருக்கு நல்லது செய்யத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊராவது, நல்லதாவது! பொனிஃபாஸ் நெஃப் என்ற ஒரே ஓர் ஆளைத் திடல் மேடையில் நிறுத்தி, ஊரே சிரிக்க, ஒரு பிரமாணம் எடுக்க வைக்க வேண்டும். கல்லுஸின் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

கல்லுஸின் அப்பா பாப்டிஸ்டுக்குத் திக்குவாய். ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்கிறவனுக்குப் பேச்சு எதற்கு என்று அவரும் பேசாமல்தான் இருந்தார். 1840-இல், அப்போது இளவயதிலேயே நாட்டுத் தலைவராகியிருந்த நெஃப், ஆட்டுப்பாலைத் திரித்து வடித்த தெளிவைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வரும் சீமான்களுக்காக ஒரு விடுதி கட்டினார். மலை மேல் ஆடுகள் குடித்துவந்த ஊற்றை அந்த விடுதிக்குத் திருப்பவும் பார்த்தார். ஏப்ரல் கடைசி ஞாயிறன்று நாட்டு ஆண்கள் அத்தனை பேரும் இடுப்பில் வாளோடு திடலில் கூடி, கை தூக்கி எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். அந்த வருஷக் கூட்டத்தில் பாப்டிஸ்ட் வாயைத் திறந்தார். நாலு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒருத்தர் அசையவில்லை. ஊற்று ஆடுகளுக்கே என்று கைகள் எழுந்தன. நெஃப் மேடையில் நின்று அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

மறு வருஷம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. திடலில் நிற்கும் எவனும் எவன் பெயரையும் எந்தப் பதவிக்கும் கூப்பிடலாம். கைகள் எழுந்துவிட்டால் தீர்ந்தது. கூப்பிடப்பட்டவன் பதவியை ஏற்றே ஆக வேண்டும். முடியாது என்றால் நாட்டை விட்டே போக வேண்டும். அறுபத்தைந்து வயது ஆனவர்களுக்கு மட்டும் விலக்கு. பதவிகளிலேயே எவனும் சீந்தாத பதவி ஏழை மணியம். உதவி பெறும் ஏழைகளின் பெயர்களை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். பட்டியலில் இருப்பவனும் திட்டுவான், இல்லாதவனும் திட்டுவான். திக்குவாய்க்காரன் கையில் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

1841-இல், நெஃப்பின் கையாள் ஒருவன் கூட்டத்திலிருந்து பாப்டிஸ்ட் ஹெர்ஷேயின் பெயரைக் கூப்பிட்டான். கொஞ்சம் சிரிப்பு, அப்புறம் கைகள். இருபது வயதாகி, முதல் தடவையாக வாள் கட்டிக்கொண்டு வந்திருந்த கல்லுஸ் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். அந்த நேரத்தில் தான் என்ன செய்தோம் என்பதை அவன் பிற்பாடு ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

நெஃப் பிரமாண வாசகத்தைச் சொல்லச் சொல்ல, பாப்டிஸ்ட் வலக்கையின் மூன்று விரல்களைத் தூக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். கடவுள் அறிய, நாடு அறிய, ஏழைகளின் பங்கைக் குறைக்க மாட்டேன். இவ்வளவுதான் வாசகம். குறைக்க என்ற இடத்தில் நாக்கு மாட்டிக்கொண்டது. கு, கு, கு என்று அதற்கு மேல் நகரவில்லை. பின்வரிசையில் எவனோ குக்கூ என்றான். குயில் கூவுகிற மாதம் வேறு. கொஞ்ச நேரத்தில் திடலே கூவியது. நெஃப் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கிவிட்டு, குரலில் தேன் ஒழுகச் சொன்னார்:

"மெதுவா சொல்லுங்க பாப்டிஸ்ட். ஊருக்கு நேரம் இருக்கு."

மூன்று வருஷம் அதே பெயரைக் கூப்பிட்டார்கள், அதே கைகள் எழுந்தன. ஞாயிறுதோறும் கோயில் படிக்குக் கீழே விடலைகள் நின்று கூவினார்கள். நாலாவது வருஷம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் பாப்டிஸ்ட் பேசுவதையே நிறுத்தியிருந்தார். ஆட்டைக் கூப்பிடக்கூட வாய் திறக்க மாட்டார். வேண்டும் என்றால் தலையை ஒரு பக்கம் ஆட்டுவார், வேண்டாம் என்றால் இன்னொரு பக்கம். ஆறு வருஷம் அப்படியே இருந்து செத்தார். சாவுப் படுக்கையில் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த சாமியாருக்கும் அதே தலையாட்டல்தான் கிடைத்தது. கல்லுஸ் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். நெஃப்பை விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான்.

கல்லுஸுக்கும் அதே நாக்குதான். ஆனால் மலையில் மாடு மேய்ப்பவர்கள் பொழுது சாயும்போது பால் வடிக்கும் மரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு, மந்தையைக் காக்கச் சொல்லிப் புனிதர்களை ராகம் போட்டுக் கூப்பிடுவார்கள். பாடும்போது திக்குவதில்லை என்று கல்லுஸ் கண்டுகொண்டான். பதினோரு கோடைக்காலம் அந்தப் புனலில் தொண்டை கிழியக் கத்தி, சாதாரணப் பேச்சையும் அதே ராகத்தில் பேசப் பழகினான். எதிரிகள் புனல் ஹெர்ஷே என்று பட்டம் வைத்தார்கள். கை தூக்குகிற ஜனங்களுக்கோ அந்தக் குரல் பிடித்துப்போனது. கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறதாம்.

பதவிகள் வந்தன. ஆனால் நெஃப்பைத் தொட முடியவில்லை. ஆளும் எழுவரில் ஒருவராக இருப்பவரைக் கீழ்ப் பதவிக்குக் கூப்பிட முடியாது. நெஃப் அந்த நாற்காலியில் பசை போட்டு ஒட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைக் கிளப்ப கல்லுஸுக்கு ஒரு வழி கிடைத்தது. நெஃப் பள்ளத்தாக்குக்கு ரயில் கொண்டுவரப் பார்த்தார். ரயில் நல்லது என்று கல்லுஸுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் பண்ணை பண்ணையாகப் போய், ரயில் புகை பட்டால் மாட்டு மடியிலேயே பால் திரிந்துவிடும் என்று ஓதிவிட்டு வந்தார். 1872 ஏப்ரலில் ரயிலும் போச்சு, நெஃப்பின் நாற்காலியும் போச்சு. அதற்கப்புறம் பல வருஷம் அந்த ஜனங்கள் ரயிலேற மூன்று மணி நேரம் நடந்தார்கள், ஒருத்தர் மனசு குளிர்வதற்காக.

இது போதாதென்று இன்னொன்றும் செய்தார். புதிய அரசியல் சட்டம் எழுதியபோது, கட்டாயப் பதவிச் சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். அதை எதிர்த்து எல்லோரையும் விட உரக்கப் பேசியது கல்லுஸ்தான். அப்பனை ஊமையாக்கிய சட்டத்துக்கு மகன் வக்காலத்து வாங்குகிறானே என்று ஊர் வாயைப் பிளந்தது. அவருடைய மனைவி ஒட்டிலியாவின் தம்பி, குதிரைச் சேணம் தைக்கிறவன், அதே சட்டத்தில் மாட்டிக்கொண்டு, பதவி வேண்டாம் என்று சொல்லி எல்லை தாண்டிப் போனான். ஒட்டிலியா ஒரு மாதம் புருஷனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லுஸ் அசையவில்லை. நெஃப்பை அறுக்க அவர் கையில் இருந்த ஒரே கத்தி அந்தச் சட்டம்தான். தான் அறுத்து முடிக்கிற வரைக்கும் அது உறையில் இருந்தாக வேண்டும்.

1873 ஏப்ரல். கூட்டத்துக்கு முந்தின வாரம், ஒட்டிலியா ஜன்னலோரம் பூவேலை மரச்சட்டத்தை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லுஸ் அன்றைக்குத்தான் தன் திட்டத்தை அவளிடம் சொன்னார். நெஃப் இப்போது பதவியில்லாமல் சும்மா இருக்கிறார். மாட்டு வியாபாரி பிளாசியுஸ் கூட்டத்திலிருந்து பெயரைக் கூப்பிடுவான், ஏழை மணியத்துக்கு. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. ஊசியை நிறுத்தாமலேயே கேட்டாள்:

"கிழவனுக்கு வயசு என்னன்னு பார்த்தியா?"

"அறுபத்தி நாலு. எட்டாம் வருஷம் பொறந்தவர்னு அவர் வாயாலயே சொல்லியிருக்காரு. ஜூன் அஞ்சு வந்தாத்தான் அறுபத்தஞ்சு. அதான் இந்த ஏப்ரலை விட்டா வேற ஏப்ரல் கிடையாது."

"ஜூன் அஞ்சுன்னு யாரு சொன்னா?"

"வருஷா வருஷம் பொனிஃபாஸ் திருநாளுக்கு ஊருக்கே சாசேஜ் போடறாரே, நீயும்தானே தின்னுட்டு வர்றே."

"அது புனிதரோட நாளு. அவரு பொறந்த நாளா?"

அந்த ஊரில் பிறந்த நாளை யாரும் கொண்டாடுவதில்லை. எந்தப் புனிதரின் பெயரோ அந்தப் புனிதரின் திருநாள்தான் எல்லோருக்கும் நாள். கல்லுஸ் அக்டோபர் பதினாறாம் தேதி, புனித கல்லுஸின் திருநாளன்று பிறந்ததால் கல்லுஸ். ஒட்டிலியாவுக்கும் அப்படியே, டிசம்பர் பதின்மூன்று. எல்லோருக்கும் இதுதான் வழக்கம் என்பது கல்லுஸின் எண்ணம். இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லி அவளை மடக்கினார்.

"என் தம்பிக்குத் தாத்தா பேரைத்தான் வச்சாங்க" என்றாள் ஒட்டிலியா. "எதுக்கும் பங்குச் சாமியார்கிட்ட ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லு."

"சாமியார் யாரு? நெஃப்போட சித்தப்பா மகன். நான் புத்தகத்தைத் தொட்டேன்னா அன்னைக்கு மத்தியானமே அங்க தெரிஞ்சிடும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உன் ஆட்டம் முடிஞ்சதும் அந்தச் சட்டத்தை எடுத்துடு கல்லுஸ். என் தம்பி வீட்டுக்கு வரணும்."

எடுத்துவிடுகிறேன் என்று கல்லுஸ் மனசாரத்தான் சொன்னார். அன்றே கூட்டத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்த்தும் விட்டார்: ஏழை மணியக்காரரின் பிரமாணம் முடிந்ததும், அடுத்த விஷயம் கட்டாயப் பதவிச் சட்டத்தை நீக்குவது, பேசுபவர், நாட்டுத் தலைவர். இத்தனை நாள் அதைத் தாங்கிப் பிடித்தவரே எடுக்கச் சொன்னால் ஒரு கைகூட எதிர்த்து எழாது. வேறு யார் கேட்டாலும் நடக்காது. இது ஒட்டிலியாவுக்கும் தெரியும்.

ஞாயிறன்று வெயில் நன்றாக இருந்தது. நாலாயிரம் பேர் இருப்பார்கள். கறுப்பு மேலங்கியும் வாளுமாகக் கல்லுஸ் மேடை ஏறினார். திடலைப் பார்த்த தன் வீட்டு ஜன்னலில் ஒட்டிலியா நிற்பது தெரிந்தது. கணக்கு வழக்கு, எழுவர் தேர்தல் எல்லாம் சடசடவென்று முடிந்தன. ஏழை மணியம் என்று கட்டியக்காரர் மொரிட்ஸ் அறிவித்தார். கிழவர் மொரிட்ஸ் முப்பது வருஷமாக அதே மேடையில் அதே குரலில் அறிவிக்கிறவர்.

"பொனிஃபாஸ் நெஃப்!" என்று பிளாசியுஸ் மாட்டுச் சந்தைக் குரலில் கூப்பிட்டான்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் முன்வரிசையில் ஒருத்தன் சிரித்தான், சிரிப்பு பின்வரிசை வரைக்கும் ஓடியது. பன்னிரண்டு வருஷம் நாட்டுத் தலைவராக இருந்தவர் கோயில் படியில் நின்று ஏழைப் பட்டியல் வாசிப்பதா! அதைப் பார்க்கக் கசக்குமா யாருக்கும்? கைகள் எழுந்தன. எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கல்லுஸுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தார், கண்ணில் நீர் முட்டியது. ராகம் பிசகாமல் கூப்பிட்டார், நாடு அழைக்கிறது, மேடைக்கு வாருங்கள் என்று.

நெஃப் வந்தார். கனத்த உடம்பு, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கினார். மேடை ஏறியதும் உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மொரிட்ஸிடம் நீட்டினார். ஞானஸ்நானச் சான்று. மொரிட்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாயிரம் பேருக்கும் கேட்கும்படி வாசித்தார். பொனிஃபாஸ் நெஃப், பிறந்தது 1808 பிப்ரவரி பதினொன்று.

"எங்க தாத்தா பேரு பொனிஃபாஸ்" என்றார் நெஃப் கூட்டத்தைப் பார்த்து. "அதான் எனக்கும். எங்கம்மா சாசேஜ் தின்னுட்டு என்னைப் பெறல, பனியிலதான் பெத்தா."

திடல் குலுங்கியது. இப்போது அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். கல்லுஸ் மேலங்கியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம், ஒரு புனிதர் நாளை நம்பி. ஒட்டிலியா சொன்னாளே, சொன்னாளே என்று மண்டைக்குள் அடித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று நெஃப் காத்திருந்தார்.

"சட்டப்படி நான் இறங்கிப் போகலாம். போக மாட்டேன். கூப்பிட்ட ஊருக்கு முதுகைக் காட்டற பழக்கம் எனக்கு இல்ல. ஏழை மணியத்தை நானே ஏத்துக்கறேன்."

அந்தப் பதவியைத் தானாக ஏற்றவன் அந்த நாட்டில் அதுவரை ஒருவன்கூட இல்லை. முதலில் யாரோ ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக நாலாயிரம் பேரும் கழற்றினார்கள். கேலிக்குக் கூப்பிட்ட பிளாசியுஸும் கழற்றிவிட்டு நின்றான். ஊர் சிரிக்க நிறுத்த வேண்டியவனை ஊர் கும்பிட நிறுத்திவிட்டோம் என்று கல்லுஸுக்கு உறைத்தது.

பிரமாணம் பாக்கி இருந்தது. வாசகத்தை நாட்டுத் தலைவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நெஃப் பக்கத்தில் வந்து நின்று மூன்று விரலைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே, கல்லுஸுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"பிளாசியுஸ் போன வாரமே சாராயக் கடையில உளறிட்டான். அது கிடக்கட்டும். உங்கப்பன் பேரைக் கூப்பிட்ட அன்னைக்கு நான் நின்னது இதே பலகை மேலதான் கல்லுஸ். எல்லாக் கையும் எனக்குத் தெரிஞ்சுது. முதல்ல எழுந்த கை உன்னுது."

ஆமாம். முதலில் எழுந்தது அவன் கைதான். இருபது வயது, புது வாள். அப்பாவின் பெயரைத் திடலில் கூப்பிடுகிறார்கள், சுற்றிலும் சிரித்த முகங்கள். எந்தப் பதவிக்கு என்று காதில் வாங்காமலே, போன வருஷம் ஊற்றைக் காப்பாற்றியதற்கு ஊர் மரியாதை செய்கிறது என்று நினைத்துவிட்டான், மடையன். நெஞ்சு விம்ம, எல்லோருக்கும் முந்திக் கையைத் தூக்கினான். மேடைக்குப் போகிற வழியில் பாப்டிஸ்ட் அவனைத் தாண்டித்தான் போனார். அந்தக் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

மொரிட்ஸ் லேசாக இருமினார். கல்லுஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ராகத்தைத் தேடினார். கடவுள் அறிய என்றார், வந்தது. நாடு அறிய என்றார், அதுவும் வந்தது. ஏழைகளின் பங்கை என்பது வரைக்கும் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கு" என்றார். "கு... கு... கு..."

ராகம் போயே போய்விட்டது. பதினோரு கோடைக்காலம் புனலில் கத்திச் சம்பாதித்த நாக்கு, கட்டையாகக் கிடந்தது. திடல் அமைதியாக இருந்தது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பிறந்தே இருக்கவில்லை. ஆனால் பழைய ஆட்கள் சிலர் இருந்தார்கள். பின்வரிசையில், அதே இடத்திலிருந்து, வயசான குரல் ஒன்று எழுந்தது.

குக்கூ.

நெஃப் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி அடக்கினார். பிறகு கல்லுஸைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இரக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"மெதுவா சொல்லுங்க, தலைவரே. ஊருக்கு நேரம் இருக்கு."

கடைசியில் மிச்ச வாசகத்தை மொரிட்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார். நெஃப் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார். கூட்டம் ஆரவாரம் செய்தது, தொப்பிகள் பறந்தன. அந்தச் சத்தம் அடங்கியதும் மொரிட்ஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான குரலில், அடுத்தது கட்டாயப் பதவிச் சட்டத்தை நீக்குவது, நாட்டுத் தலைவர் பேசுவார் என்று அறிவித்தார்.

கல்லுஸ் ஜன்னலைப் பார்த்தார். ஒட்டிலியா இரண்டு கையாலும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு வெளியே வர எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரம் பேர் காத்திருந்தார்கள். பின்வரிசைக் கிழவனும் காத்திருந்தான்.

"பேசறீங்களா தலைவரே, இல்ல தள்ளி வச்சிடலாமா?" என்று மொரிட்ஸ் காதோரம் கேட்டார்.

கல்லுஸ் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று, தன் அப்பா ஆட்டுவது போல. மொரிட்ஸ் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததை வாசித்தார். திடலுக்கு எதிரே ஒட்டிலியா ஜன்னலைச் சாத்தினாள்.